ஒலிபெருக்கிக் கூம்பின் நீண்ட வீச்சு: ஆதாயமும் அதற்குரிய விலையும்

சிறிய பெட்டியிலிருந்து பெரிய ஒலியைப் பெற வேண்டும் என்னும் ஆசை, ஒலிபெருக்கி தோன்றிய காலந்தொட்டே இருந்து வருகிறது. பாஸ் கிதார் வாசிப்போரிடையே இவ்வாசை இன்று மிகுந்துள்ளது. அதனை நிறைவேற்றும் பொருட்டு, கூம்பு முன்னும் பின்னும் நெடுந்தூரம் அசையுமாறு அமைந்த ஒலிபெருக்கிகள் விற்பனைக்கு வருகின்றன. கூம்பின் வீச்சு எத்தனை மில்லிமீட்டர் என்பதே தரத்தின் அளவுகோல் என எண்ணுவோரும் உளர். இது பாதி உண்மையே ஆகும். மறுபாதியை அறியாது பொருள் செலவிடுவோர் ஏமாற்றமடைய நேரிடும்.

நீண்ட வீச்சின் தேவை கற்பனையன்று. தாழ்ந்த ஒலியை எழுப்புவதற்குக் கூம்பு மிகுந்த அளவு காற்றைத் தள்ள வேண்டும். தள்ளப்படும் காற்றின் அளவு, கூம்பின் பரப்பையும் வீச்சையும் பெருக்கி வருவதாகும். ஒலியின் வலிமை குறையாமல் அதிர்வெண் பாதியானால், வீச்சு நான்கு மடங்காக வேண்டும். நான்கு கம்பிப் பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரம் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் கொண்டது. ஐந்து கம்பிக் கருவியில் அது 31 ஆகும். இந்த ஒரு கம்பியின் பொருட்டே கூம்பின் வீச்சு ஏறக்குறைய 1.8 மடங்கு உயர வேண்டியுள்ளது.

இனி, இதற்குக் கொடுக்கும் விலையை நோக்குவோம். கூம்பை அசைப்பது, காந்த இடைவெளியில் இயங்கும் கம்பிச் சுருள். இடைவெளியின் உயரம் 8 மில்லிமீட்டர், சுருளின் உயரம் 12 மில்லிமீட்டர் எனக் கொண்டால், ஒரு பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் வரை அது சீராக இயங்கும். சுருளை 20 மில்லிமீட்டராக நீட்டினால் இவ்வெல்லை 6 மில்லிமீட்டராகும். ஆனால் முன்னர்ச் சுருளில் மூன்றில் இரு பங்கு காந்தப் புலத்தில் இருந்தது. இப்போது ஐந்தில் இரு பங்கே இருக்கிறது. எஞ்சிய பகுதி வெப்பத்தை உண்டாக்குமேயன்றி விசையைத் தருவதில்லை. சுருளின் எடையும் கூடுகிறது. ஆதலின் திறன் குன்றுகிறது.

திறன் 6 டெசிபெல் குறையுமாயின், 100 வாட் போதுமான இடத்தில் 400 வாட் தேவைப்படும். ஒலிபெருக்கியில் செலுத்தும் மின்னாற்றலில் 100க்கு 90 பங்குக்கு மேல் வெப்பமாகவே கழிகிறது. ஆகவே கூடுதல் ஆற்றலின் பெரும்பகுதி சுருளைச் சுடவே பயன்படும். சுருள் சூடேறினால் அதன் மின்தடை உயர்ந்து ஒலி மேலும் தணியும். எல்லை கடந்தால் சுருளே கருகிவிடும்.

மற்றொரு குறையும் உண்டு. நீண்ட சுருளின் தன்மின்தூண்டலும் எடையும் உயர்ந்த அதிர்வெண்களை மட்டுப்படுத்தும். விரல் கம்பியைத் தீண்டும் தெளிவு இதனால் மங்கும். பாஸ் கிதாரின் ஒலியில் அடிப்படைச் சுரத்தினும் மேற்சுரங்கள் பலவேளை வலிமை மிக்கவை. அவற்றைக் கேட்டே அடிப்படைச் சுரத்தை உணரும் ஆற்றல் செவிக்கு உண்டு. எனவே மிகத் தாழ்ந்த அதிர்வை முழுமையாக எழுப்பும் பொருட்டுத் தெளிவை இழப்பது அறிவுடைமையாகாது.

முன்னோர் வேறு வழியைக் கண்டனர். 1951இல் மின்சாரப் பாஸ் கிதாரை வெளியிட்ட ஃபெண்டர் நிறுவனம், 1952இல் ஒரே 15 அங்குல ஒலிபெருக்கியுடன் பாஸ்மேன் பெருக்கியை அமைத்தது. சில ஆண்டுகளில் நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகளுக்கு மாறியது. 1969இல் ஆம்பெக் நிறுவனம் தனது 300 வாட் பெருக்கிக்கு எட்டு 10 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட பெட்டியை அளித்தது. பரப்பு பெருகினால் ஒவ்வொரு கூம்பும் சிறிதளவே அசைந்தால் போதும், வெப்பமும் பகிர்ந்துகொள்ளப்படும்.

அத்தகைய பெட்டியைச் சுமந்து மாடிப்படி ஏறுவோரின் துன்பமும் மெய்யே. 1954இல் எட்கர் வில்சர் சிறிய மூடிய பெட்டியில் நீண்ட வீச்சைக் கையாண்டு ஆழ்ந்த ஒலியைப் பெற்றார். ஆனால் அது திறனை விட்டுக்கொடுத்துப் பெற்ற பேறு. வீட்டுக் கூடத்துக்கு ஏற்றது. முரசுகளோடு போட்டியிடும் மேடையின் தேவை வேறு. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, உயர்ந்த திறன் ஆகிய மூன்றில் இரண்டையே ஒருங்கே பெறலாம் என்பது இயற்கை விதித்த எல்லை.

ஆகவே, வாங்குவோர் வீச்சை மட்டும் பாராது, பரப்பையும் ஒரு வாட்டுக்கு எழும் ஒலியின் அளவையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். வீச்சை அளக்கும் முறைகள் பல; சிலர் சுருளுக்கும் இடைவெளிக்கும் உள்ள உயர வேறுபாட்டில் பாதியைக் கூறுவர், சிலர் ஒலித்திரிபு குறித்த எல்லையை அடையும் அளவைக் கூறுவர். எம்முறையால் அளந்தனர் என்பதை உற்பத்தியாளர் தவறாது வெளியிடுதல் கடமை. பயனற்ற மிகத் தாழ்ந்த அதிர்வுகளைப் பெருக்கியிலேயே தடுப்பதும் நன்று. பரப்பைப் பெருக்க இடமுள்ளவரை அதனைப் பெருக்குக. இடமில்லாதபோது மட்டும் வீச்சை நாடுக. இதுவே மேடைக்கு ஏற்ற நெறியாகும்.