வாளி தூக்கினால் பிரஷர் ஏறுமா?

உடற்பயிற்சி செய்யும்போது ரத்த அழுத்தம் ஏன் கூடுகிறது? "இதயம் வேகமாகத் துடிப்பதால்" என்றுதான் நான் பரீட்சையில் எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அது பாதிப் பதில்தான்.

1937-ல் கெய்ரோவில் ஆலம், ஸ்மர்க் என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கையிலோ காலிலோ பட்டை கட்டிக் காற்றடித்து ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அந்தத் தசைக்கு வேலை கொடுத்தார்கள். அழுத்தம் ஏறியது. பிறகு வேலையை நிறுத்தச் சொன்னார்கள். பட்டையை மட்டும் தளர்த்தவில்லை. அழுத்தம் முழுதாக இறங்கவில்லை! பட்டையைத் தளர்த்தி ரத்தம் ஓடிய பிறகுதான் இறங்கியது. இத்தனைக்கும் இதயத்துடிப்பு முன்பே குறைந்துவிடுகிறது.

அப்படியானால் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது தசைதான். ரத்தம் போதாத தசையில் லாக்டிக் அமிலம், பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் தேங்குகின்றன. மெல்லிய நரம்பிழைகள் அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் சொல்ல, உடம்பின் மற்ற ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இவற்றில் எது முக்கியக் குற்றவாளி என்று இன்னும் சண்டை ஓயவில்லை. மக்கார்டில் நோய் உள்ளவர்களின் தசையில் லாக்டிக் அமிலம் உருவாவதில்லை. அவர்களுக்கு இந்த ஏற்றம் இல்லை என்றது ஓர் ஆய்வு. இருக்கிறது என்றது இன்னொன்று. கூட்டுக் களவாணித்தனம் என்பது என் கட்சி.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் தாத்தாவுக்கு பிரஷர் உண்டு. "நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார் டாக்டர். தாத்தா நடந்தார், கூடவே நிறைந்த வாளியை மொட்டை மாடிக்குத் தூக்குவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நடக்கும்போது தசை சுருங்கி விரிகிறது, இடையில் ரத்தம் பாய்கிறது; மேல் அளவு ஏறினாலும் கீழ் அளவு அதிகம் அசையாது. வாளியை இறுகப் பிடித்தால் தசையே தன் ரத்தக் குழாயை நசுக்குகிறது. இரண்டு அளவும் ஏறும்.

அதற்காக "எதையும் தூக்காதே" என்பதும் சரியில்லை. 270 பரிசோதனைகளைத் தொகுத்து 2023-ல் வந்த ஆய்வு, சுவரில் சாய்ந்து அரை உட்காரலாக நிற்பது போன்ற அசையாப் பயிற்சிகள்தான் ஓய்வுநேர அழுத்தத்தை மிக நன்றாகக் குறைத்தன என்கிறது. அளவோடு, மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், "எக்சர்சைஸ்" என்ற ஒற்றைச் சொல்லோடு நோயாளியை அனுப்பக் கூடாது. எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம் என்று இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

தாத்தா இப்போது அரை வாளியாக இரண்டு நடை போகிறார். என்னைத் திட்டிக்கொண்டேதான்...