படியேறாத கேள்வி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் இடிபட்டு, சனம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த பிறகும் தோட்டத்தின் பெயரை விடாமல் வைத்திருக்கும் பள்ளி. அதன் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்துக்கு எங்கள் இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து இருவர் போயிருந்தோம். வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்ததும் பின்வரிசையில் ஒரு தந்தை எழுந்தார். லாரி ஓட்டுகிறவர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர் என்பது மைக்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. இன்னொரு கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

“சார், என் மவன் ஆறாம் ஆண்டு முடிக்கப் போறான். மலாய்ல நாலு வரி வாசிக்கச் சொன்னா முழிக்கிறான். ஆறு வருசமா இங்கதானே வந்தான்? நீங்கள்லாம் என்ன செஞ்சீங்க?”

மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும். தலைமையாசிரியர், பிறகு தனியாகப் பேசுவோம் என்றார். முன்வரிசையில் இருந்த வகுப்பாசிரியை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கூட்டம் முடிந்து மீகூன் தட்டோடு நின்றவர்களில் பாதிப்பேர், கேட்டது சரிதான் என்றார்கள். மீதிப்பேர், ஆசிரியரைப் பார்த்து இப்படியா கேட்பது என்றார்கள்.

கேட்டது சரி என்பதுதான் எங்கள் கட்சி. பெற்ற பிள்ளையை ஆறு வருடம் ஒப்படைத்தவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? எங்கள் வருத்தம் அந்தக் கேள்வி வகுப்பாசிரியையின் நாற்காலியோடு நின்றுபோனதில்தான். பிறகு விசாரித்தோம். அந்த வகுப்பு நான்காம் ஆண்டில் இருந்தபோது மலாய்மொழி ஆசிரியை பேறுகால விடுப்பில் போனார். மூன்று மாதம் மாற்று ஆசிரியர் வரவில்லை. ஐந்தாம் ஆண்டில் வந்தவர் பாதியிலேயே மாற்றலாகிப் போனார். அந்தக் காலி இடத்துக்குப் பொறுப்பானவர் யாரும் அன்று அந்த மண்டபத்தில் இல்லை. அவர்களைப் பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதும் இல்லை.

கீழே உள்ளவரிடம் மட்டும் கணக்குக் கேட்கும் இந்தப் பழக்கம் பழையது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஒரு கொட்டகை, ஒரே அறை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் அந்த வாத்தியார். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்த அதே வாய்தான் அரிச்சுவடியும் சொல்லிக்கொடுத்தது. துரைக்கு வேண்டியிருந்தது அடுத்த தலைமுறைக்கான பால்வெட்டு ஆள். பிள்ளைகள் ஏன் தேறவில்லை என்று யாராவது கேட்டால் ‘வாத்தியார் சரியில்லை’ என்ற பதில் தயாராக இருந்தது. அந்த வாத்தியாருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று பங்களாவின் படியேறிக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 520க்குச் சற்று மேல். பேராக்கில் மட்டும் 134. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஈப்போ நகரத்துப் பள்ளிகளையும் புந்தோங்கையும் விட்டுவிட்டால் இவற்றில் பெரும்பகுதி தோட்டங்களில் பிறந்தவை. பல பள்ளிகளின் நிலம் இன்னும் தோட்ட நிறுவனத்துடையது. அதனால் அவை ‘பகுதி உதவி’ பெறும் பள்ளிகள். கூரை ஒழுகினால் யார் பணம் என்பதே ஒரு வழக்காகிவிடும். பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை 150ஐத் தொடாது. சிலவற்றில் முப்பதைக்கூடத் தொடாது. இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்து, ஒரு பக்கம் வாய்பாடும் மறுபக்கம் பின்னமும் நடக்கிறது.

இப்படிப்பட்ட பள்ளியின் விழுக்காட்டைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நடக்கும் ‘டயலோக் பிரெஸ்தாசி’ எனும் தேர்ச்சி ஆய்வுக் கூட்டங்களை அவர் இன்னும் கனவில் காண்பதாகச் சொல்வார். திரையில் பள்ளிகளின் பெயர்கள் வரிசையாக வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பில் வந்த பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டும். அவருடைய பள்ளியில் அந்த ஆண்டு ஆறாம் ஆண்டில் இருந்தது பதினோரு பேர். ஒரு பிள்ளை தவறினால் ஒன்பது விழுக்காடு சரியும். அந்த ஒரு பிள்ளை தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு அம்மாவை இழந்தவன். “அதைச் சொல்ல எந்தக் கட்டமும் அந்தப் படிவத்தில் இல்லை. அடுத்த ஆண்டு எத்தனை விழுக்காடு உயர்த்துவீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பிவிட்டு வந்தேன்” என்றார்.

2010இல் அரசாங்கம் தலைமையாசிரியர்களுக்குப் ‘புதிய ஒப்பந்தம்’ ஒன்றை அறிவித்தது. பள்ளியை உயர்த்தினால் 7,500 ரிங்கிட் வெகுமதி. உழைத்தவருக்குப் பணம் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. ஆனால் எண்ணோடு பணத்தையும் பதவியையும் கட்டினால் என்ன நடக்கும் என்பதை உலகம் முன்பே பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 1862இல், பிள்ளைகள் தேர்வில் தேறுவதைப் பொறுத்துப் பள்ளி மானியம் என்று விதி வந்தது. அதிகாரி வருவதற்குள் வாசிப்புப் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிள்ளைகள் ‘வாசித்தார்கள்’. அதே முறை கப்பலேறி, நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்துக்கும் போனது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2011இல் வந்த விசாரணை அறிக்கை, விடைத்தாளைத் திருத்திய குற்றச்சாட்டில் 178 ஆசிரியர்களையும் பள்ளித் தலைவர்களையும் சுட்டியது.

அட்லாண்டா வரை போவானேன்? 2014 செப்டம்பரில் இங்கே ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆரின் வினாத்தாள் கசிந்தது. அறிவியலும் ஆங்கிலமும் மறுதேர்வு. பிறகு கணிதமும் தமிழ்மொழியும் மறுதேர்வு. ஆசிரியர்கள் கைதானார்கள். குற்றம் குற்றம்தான்; அதை மழுப்ப மாட்டோம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தேர்வுத்தாளை வாட்சாப்பில் தேடி அலையும் அளவுக்கு ஒரு சமூகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதில் நமக்குப் பங்கில்லையா? அந்தக் காலத்து நவம்பர் மாதப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். பக்கம் பக்கமாக ‘7ஏ’ பெற்ற பிள்ளைகளின் படம், பக்கத்தில் காசோலையோடு ஓர் அரசியல்வாதி. அந்தப் படங்களை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டாத பள்ளியில்லை. படத்தில் வராத பிள்ளைகள் எங்கே போனார்கள்? மலாயில் தேறாதவர்கள் புகுமுக வகுப்புக்குப் போனார்கள். அங்கே கழிந்த ஓராண்டிலேயே படிப்பை விட்டவர்களை ஈப்போவின் கார் கழுவும் கடைகளில் நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம்.

2016இல் தேர்வின் அமைப்பு மாறியது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் கூடின. எல்லாப் பாடத்திலும் ஏ பெற்றவர்கள் நாடு முழுவதும் 4,896 பேர், 1.11 விழுக்காடு. முந்தைய ஆண்டைவிடப் பெரும் வீழ்ச்சி. பன்னிரண்டே மாதத்தில் நாட்டின் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரேயடியாக மோசமாகிவிட்டார்களா? மாறியது வினாத்தாள். ஆனாலும் விளக்கக் கடிதம் எழுதியவர்கள் ஆசிரியர்கள்.

அதற்கும் முன்பு, 2003இல், பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழில் பயிற்சி பெற்ற ஆசிரியர், தமிழில் சிந்திக்கும் பிள்ளைக்கு, இருவருக்கும் பழக்கமில்லாத மொழியில் ஒளிச்சேர்க்கையை விளக்க வேண்டும். ஆறே ஆண்டில், 2009இல், அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். இடையில் முதலாம் ஆண்டில் நுழைந்து அதிலேயே படித்து வெளியேறிய தலைமுறையின் இழப்புக்கு யார் விளக்கக் கடிதம் எழுதினார்கள்? எந்தத் திரையில் யாருடைய பெயர் சிவப்பில் வந்தது? கேள்வி படியேற வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இதை எழுதும்போது சில ஆசிரியர்கள் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள் என்று தெரியும். அவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. முதல் பாடவேளை முழுவதும் கைப்பேசியில் நேரடி விற்பனைக்கு ஆள் சேர்ப்பவர், பின்வரிசைப் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாதவர், தமிழ்ப்பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு தன் பிள்ளையை மட்டும் வேறு பள்ளிக்கு அனுப்புகிறவர்: இவர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும். சக ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும் என்று ஓய்வறையில் சொல்லப்படும் வாக்கியம், கங்காணி வாத்தியார் காலத்திலிருந்து மாறவே இல்லை. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தாம் இன்று அந்த ஓய்வறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எங்களை மிகவும் வருத்துகிறது.

ஆசிரியரிடம் கணக்குக் கேட்கலாம், கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி சபாவிலிருந்து வந்திருக்கிறது. கோத்தா பெலூட்டில் தாவுன் கூசி இடைநிலைப்பள்ளி மாணவி சித்தி நாஃபிரா சிமான், 2015இல் தன் ஆங்கில ஆசிரியர் ஏழு மாதம் வகுப்புக்கு வரவில்லை என்று 2018இல் வழக்குத் தொடுத்தார். 2023 ஜூலை 18 அன்று கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி 150,000 ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. கிராமத்துப் பெண். வழக்கின் மையம் அவர் வாங்கிய மதிப்பெண் இல்லை. வகுப்பு நடந்ததா, ஆசிரியர் வந்தாரா என்பது. இன்னொன்றும் முக்கியம். பிரதிவாதிகள் பட்டியலில் ஆசிரியர் மட்டும் இல்லை. பள்ளி முதல்வர், கல்வித் தலைமை இயக்குநர், கல்வி அமைச்சர், மலேசிய அரசாங்கம் என்று வரிசை மேலே போகிறது. ஒரு மாணவியின் கேள்வி புத்ராஜெயா வரை படியேறியது.

அதே அளவுகோலைப் பேராக்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை நாள் எத்தனை வகுப்பு ஆசிரியரின்றிக் கிடந்தது என்ற கணக்கை மாவட்ட அலுவலகம் பெற்றோர் கூட்டத்தில் வந்து வாசிக்கட்டும். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது, உலு கிந்தாவில் ஆசிரியர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஆசிரியர்களை உருவாக்கும் மாநிலத்திலேயே ஒரு வகுப்பு மூன்று மாதம் சும்மா கிடந்தது ஏன் என்று யாராவது எழுந்து சொல்லட்டும்.

இன்று யுபிஎஸ்ஆர் இல்லை, 2021இல் எடுத்துவிட்டார்கள். வகுப்பறை மதிப்பீடு வந்திருக்கிறது. ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. மூன்று என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. நல்ல ஏற்பாடு என்றே வரவேற்றோம். ஆனால் எண்ணைப் பார்த்து ஆசிரியரை எடைபோடும் பழக்கம் மாறவில்லை. “மூன்றுக்குக் கீழே போட்டால் ஏன் என்று எழுத வேண்டும், என்ன தலையீடு செய்தாய் என்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். மூன்று போட்டால் ஒருவரும் கேட்பதில்லை” என்று ஓர் இளம் ஆசிரியை எங்களிடம் சொன்னார். முன்பு தேர்வு முடிவு வரும் நாளிலாவது தகப்பனுக்கு உண்மை தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை.

அன்று மண்டபத்தில் லாரி ஓட்டுநர் கையில் வைத்திருந்த தாள் அந்த அடைவுநிலை அறிக்கைதான். எல்லோரும் கலைந்த பிறகு, வாகனம் நிறுத்தும் இடத்தில் மடிப்பைப் பிரித்து எங்களிடம் காட்டினார். மலாய்மொழி: 3. “ஒவ்வொரு வருசமும் மூணுதான் சார். மூணுன்னா பாஸ்னு சொன்னாங்க. பரவால்லனு இருந்துட்டேன்.”

அந்த வகுப்பாசிரியை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர், எங்களைக் கண்டு தயங்கி நின்றார். பிறகு அருகே வந்தார்.

“அண்ணே, அது மூணு இல்ல. ரெண்டுதான். போன வருசம் நான்தான் மூணு போட்டேன்.”

அவர் தாளைப் பார்த்தார், ஆசிரியையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தோம். தாளை மறுபடி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“சரி டீச்சர். இன்னும் நாலு மாசம் இருக்கு. சாயங்காலம் எத்தன மணிக்குக் கூட்டிட்டு வரட்டும்?”