பதினாயிரம் காரணிகளையுடைய பேரெண்

உச்சமுனைக் கரையிலே இரு தோணிகள் வந்து சேர்கின்றன என வைத்துக்கொள்வோம். ஒன்றில் 23 அறக்குளா மீன்கள், மற்றதில் 24. முதற்றோணியார் மீனை வெட்டாமற் சமகூறு போடவேண்டுமாயின் 23 பேர் இருத்தல் வேண்டும். மற்றவரோ இருவர், மூவர், நால்வர், அறுவர், எண்மர், பன்னிருவர் என எத்தனையோ வகையிற் பூசலின்றிப் பங்கிடலாம். ஒரு மீன் செய்த வேற்றுமை அன்றோ இது!

23 ஒரு முதன்மை எண். அதற்கு 1, 23 என இரண்டே காரணிகள். 24 ஒரு சேர்த்தி எண். அதற்குக் காரணிகள் எட்டு. 24 இலும் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையால் வெல்லும் எண்ணை மிகுசேர்த்தி எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்பன இவ்வரிசையின் தொடக்கம்.

இவ்வெண்களின் இயல்பை ஆழ்ந்து ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுசன். 1887 இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதமொன்றிலேயே மூழ்கியதாற் கல்லூரிப் பரீட்சையிற் சித்தியெய்தாது, உதவிப் பணத்தையும் இழந்தார். பின்னர் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்து, 1914 இற் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டு இலண்டன் கணித சங்கம் வெளியிட்ட அவர் கட்டுரையின் அட்டவணையில் இறுதியாக நிற்பது 6746328388800. அதாவது, ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு!

இதனைப் பிரித்துப் பார்ப்போம். இதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5 உம் 7 உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறையும் பெருக்குண்டு நிற்கின்றன. ஒரு காரணியை ஆக்கும்போது 2 ஐ ஒருமுறையும் எடாமல் விடலாம். ஆறு முறை வரை எடுக்கவுஞ் செய்யலாம். ஆகவே வழிகள் ஏழு. அவ்வாறே 3 இற்கு ஐந்து, 5 இற்கும் 7 இற்கும் மும்மூன்று, ஏனைய ஐந்திற்கும் இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10080 காரணிகள்.

6, 4, 2, 2, 1 என இச்சுட்டிகள் ஏறாமல் இறங்கி வருவதைக் கவனியுங்கள். 3 இன் சுட்டி 2 இன் சுட்டியிலும் பெரிதாயின், இரண்டையும் இடம் மாற்றிவிடலாம். காரணித் தொகை குறையாது, எண் மட்டும் சிறுத்துவிடும். ஆதலின் மிகுசேர்த்தி எண்ணில் அவ்வாறு நிகழாது. இறுதி முதன்மை எண்ணின் சுட்டி, 4, 36 ஆகிய இரண்டிலுமன்றி மற்றெல்லாவற்றிலும் 1 ஆகவே இருக்குமென்றும் இராமானுசன் நிறுவினார்.

கணிப்பொறி தோன்றாத காலத்தில், நூற்றுக்கு மேற்பட்ட இவ்வெண்களை அவர் அட்டவணையில் வரிசைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று மட்டும் விடுபட்டுப்போயிற்று: 5040 காரணிகளையுடைய 293318625600. இதனை 23 ஆற் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் இறுதி எண்ணே வந்து நிற்கும்! மேதையின் கண்ணுக்குந் தப்பிய எண் உண்டென்பது, விடையைச் சரிபார்க்கச் சோம்பும் நம் மாணவர் நெஞ்சிற் பதியவேண்டிய செய்தி.

சங்கத்தின் பண முட்டினால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அன்று அச்சேறவில்லை. அது 1997 இலேதான் இரு கணித அறிஞரின் குறிப்புக்களுடன் ஆய்விதழில் வெளிவந்தது. எனினும் அச்சான பகுதியே போதியதாயிற்று. பரீட்சை மறுத்த பட்டத்தை 1916 இற் கேம்பிரிட்ஜ் இவ்வாராய்ச்சிக்காக அவருக்கு வழங்கிற்று.

பெற்றோரே, ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்றொன்றில் தடுமாறும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அப்பிள்ளையை ஏசுமுன் இவ்வெண்ணை ஒருமுறை எழுதிப் பாருங்கள். மாணவர்களே, 60 இன் காரணிகளை இன்றே எண்ணுங்கள். பன்னிரண்டும் கிடைத்தனவா?