ஊதல் ஊதியவர் உரையாற்றுகிறார்

பல் மருத்துவரின் முன் வாயைத் திறக்க மனிதன் அஞ்சுகிறான். கால்பந்து நடுவரின் முன் வாயை மூட மறுக்கிறான். இவ்விரு பணிகளையும் ஒருசேரச் செய்த ஒருவர் இருந்தார் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரைச் சேர்ந்த டாக்டர் மார்க்குஸ் மெர்க் என்பவரே அவர். வார நாள்களில் பிறர் பல்லைப் பிடுங்கியும், வார இறுதியில் பிறர் சொல்லைப் பொறுத்தும் வாழ்ந்த அம்மனிதர், பின்னர் மருத்துவத் தொழிலை விட்டு, ஊதலையும் மாட்டி வைத்துவிட்டு, வணிக நிறுவனங்களின் மேடைகளில் நகைச்சுவை கலந்து ஊக்க உரை நிகழ்த்தும் பேச்சாளராக மாறினார்.

நமக்கு அவர் முற்றிலும் அந்நியரும் அல்லர். 1991 முதல் தென்னிந்தியாவுக்கு வந்து ஏழை எளியோருக்குப் பல் மருத்துவம் செய்தவர்; ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லங்களும் கல்வியும் கிடைக்கத் துணை நின்றவர்.

1962இல் பிறந்த மெர்க், 1988இலேயே ஜெர்மனியின் முதல்நிலைப் போட்டியான புண்டஸ்லிகாவில் நடுவரானார். அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை நடத்தினார். 2003இல் ஐரோப்பிய மன்றங்களின் இறுதியாட்டம், 2004இல் கிரேக்கம் போர்ச்சுகலை வீழ்த்திய ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், 2002, 2006 உலகக் கோப்பைகள் என அவர் கால் பதித்த களங்கள் பல. 2008இல் ஓய்வு பெற்றார். ஆயினும் அவர் பெயரைச் சொன்னால் ஜெர்மானியர் நினைவுகூர்வது கோப்பைகளை அன்று; ஒரேயொரு ஊதல் ஒலியைத்தான்.

2001 மே 19. அவ்வாண்டுப் போட்டிகளின் கடைசி நாள். பேயர்ன் மியூனிக் அணி ஹாம்பர்க் நகரில் ஆடுகிறது. சமன் செய்தாலே பட்டம் அதற்குத்தான். தோற்றாலோ, தன் சொந்த மைதானத்தில் வேறோர் அணியை 5-3 என வென்றுவிட்ட ஷால்கே அணி பட்டத்தைத் தட்டிச் செல்லும். 1958க்குப் பின் ஷால்கே அப்பட்டத்தைக் கண்டதில்லை. நாற்பத்து மூன்று ஆண்டு ஏக்கம்! தொண்ணூறாம் நிமிடத்தில் ஹாம்பர்க் ஒரு கோல் அடித்துவிட்டது. செய்தி எட்டியதும் ஷால்கே மைதானத்தில் மக்கள் வெள்ளமாய்ப் புகுந்தனர். கண்ணீரும் கட்டித் தழுவலுமாய்க் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது.

ஆனால் ஹாம்பர்க்கில் ஆட்டம் முடியவில்லை. அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் காலால் தட்டிய பந்தைக் கோல்காப்பாளர் கையால் எடுத்துவிட்டார். தன் அணியினர் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் கோல்காப்பாளர் கையில் எடுக்கலாகாது என்பது 1992இல் வந்த விதி. மெர்க் ஊதினார். கோலுக்கு அருகிலேயே பேயர்னுக்கு மறைமுகத் தனி உதை! பாட்ரிக் ஆண்டர்சன் பந்தைப் பாய்ச்ச, ஆட்டம் 1-1 எனச் சமனாயிற்று. பட்டம் பேயர்னுக்குப் போயிற்று. ஷால்கேயின் மகிழ்ச்சி நீடித்தது ஏறத்தாழ நான்கு நிமிடம். இதில் விதியின் விளையாட்டையும் பாருங்கள்: பந்தைக் கையில் எடுத்த அக்கோல்காப்பாளர், முன்னர் ஷால்கேக்காக ஆடியவர்!

அது வேண்டுமென்றே கொடுக்கப்பட்ட பந்துதானா என்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு வியப்பளிப்பது வேறு. அந்த விநாடியில் மெர்க் செய்திருக்கக்கூடிய எளிதான செயல் ஒன்று உண்டு: பாராமல் இருந்துவிடுவது. பிறர் அறியாதவாறு தப்பிக்க நடுவருக்கு எப்போதும் திறந்திருக்கும் வாசல் அது. அவர் அவ்வாசலில் நுழையவில்லை.

முடிவெடுத்தல் பற்றி அவர் பேசுவதைக் கேட்கக் கம்பெனி முதலாளிகள் காசு கொடுத்து அமர்வதன் காரணம் இதுவே என்று எண்ணுகிறேன். கோப்புகளை நாள்கணக்கில் புரட்டுவோர், ஒரு விநாடியில் முடிவெடுத்து, பல்லாயிரம் பேரின் வசவுக்கிடையே நடந்து வந்தவரிடம் பாடம் கேட்கின்றனர். 2002 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நடத்திய இத்தாலியர் கொலினாவும் நிறுவனங்களின் மேடைகளில் பேசியவரே. வீட்டு உபகரணக் கடை நடத்திய சுவிஸ் நடுவர் உர்ஸ் மையரும் அவ்வாறே. 2004இல் இங்கிலாந்தின் கோல் ஒன்றை மறுத்ததற்காக அந்நாட்டவரின் கோபத்துக்கு ஆளாகி, காவல்துறைப் பாதுகாப்பில் இருக்க நேர்ந்தவர் அவர். நகைச்சுவை இத்தகையோருக்கு மேடை அலங்காரம் அன்று. ஊரே திட்டும்போது தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரியாதவர் இத்தொழிலில் நிலைத்திருக்க முடியாது.

ஜெர்மனியின் மைதானக் கதை அரவேணுவில் இருக்கும் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கோத்தகிரி மலைச்சாலையில் மழை நாள் ஒன்றில் நின்று பாருங்கள். சிறு விவசாயிகள் பறித்த பசுந்தேயிலை மூட்டை மூட்டையாய் எடைக்கு வருகிறது. சாக்கின் எடை போக, ஈரத்துக்கென்று ஒரு கழிவு, முற்றிய இலைக்கென்று ஒரு கழிவு. இலையில் இருக்கும் நீர் எவ்வளவு என்பதை எந்தத் தராசு சொல்லும்? எடை போடுபவரின் கண்தான் சொல்ல வேண்டும். தன் மைத்துனரின் மூட்டைக்கும் விதவைத் தாயொருத்தியின் மூட்டைக்கும் ஒரே ஈரத்துக்கு ஒரே கழிவு போடுகிறாரா என்பதில்தான் அடுப்பெரியும் வீடுகள் பலவற்றின் கணக்கு அடங்கியிருக்கிறது. அங்கும் பாராமல் இருந்துவிடும் வாசல் திறந்தே கிடக்கிறது.

ஜமாஅத்தில் பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துக்கு அமர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். வாப்பா விட்டுச் சென்ற ஒரு கடைக்கு அண்ணனும் தம்பியும் உரிமை கோரி வருவர். "நீங்கள் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறோம்" என்று இருவருமே கூறுவர். தீர்ப்பு வந்ததும் ஒருவர் முத்தவல்லிக்கு ஸலாம் சொல்வதையே நிறுத்திவிடுவார்; மற்றவரோ, கிடைத்தது குறைவு என்று மனம் புழுங்குவார். மெர்க்காவது ஊதிவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பிவிடலாம். நம் முத்தவல்லி மறுநாள் அதே தெருவில் அவ்விருவரையும் கடந்துதான் தொழுகைக்குச் செல்ல வேண்டும்.

கால்பந்து விதிகளுள் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றுண்டு. தாம் ஊதியது பிழை என்று நடுவர் உணர்ந்தால், ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன் மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிவிட்டால் மாற்ற இயலாது. அரவேணுப் பக்கத்தில் இலை எடை போடும் ஒருவர், மூட்டை வண்டியில் ஏறுவதற்கு முன்பே கழிவு எவ்வளவு என்பதைச் சீட்டில் எழுதி விவசாயியின் கையில் கொடுத்துவிடுகிறார். ஐயம் இருந்தால் அங்கேயே கேட்கலாம். மூட்டையை மீண்டும் தராசில் ஏற்றுவார். மழைக்காலத்தில் அவரைத் திட்டாத விவசாயி இல்லை. மறுநாள் காலையிலும் அவருடைய தராசின் முன்தான் மூட்டைகள் வரிசையாக வந்து இறங்குகின்றன.