விறகாகும் பைன் துண்டுகள்

நியூசிலாந்து முதலிய நாடுகளில் தோட்டப் பயிராக வளர்த்து வெட்டப்படும் பைன் தடிகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும் வந்திறங்கி, தென்மாவட்ட மர அறுவை ஆலைகளில் பேக்கிங் பெட்டிக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் உரிய பலகைகளாகின்றன. உருண்டைத் தடியைச் சதுரமாக்கும்போது, ஒருபுறம் பட்டையும் மறுபுறம் ரம்பத்தின் தடமுமாகக் கழியும் ஓரத்துண்டுகளையும் மரத்தூளையும் கூட்டிப் பார்த்தால், தடியில் ஏறத்தாழப் பாதி பலகையாகாமலே போகிறது. இக்கழிவில் துண்டாகக் கிடைப்பவற்றைச் சூளைக்கு விறகாக அனுப்பாமல் காகிதக் கூழுக்குத் திருப்புவதே முறையாகும். அதற்குத் தமிழக அரசு வழிவகுக்க வேண்டும்.

காகிதத்தின் உறுதி பெரிதும் நாரின் நீளத்தைப் பொறுத்தது. தைலமரம், சவுக்கு ஆகியவற்றின் நார் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமே இருக்க, பைன் நார் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. அதிலும் மரத்தின் நடுப்பகுதியைவிடப் பட்டையை அடுத்த வெளிப்பகுதியிலேயே நார் நீளமானது. அறுவை ஆலை கழிக்கும் ஓரத்துண்டு அந்த வெளிப்பகுதிதான். நீள்நார்க் கூழை அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்யும் நாடு, அதே நாரை விறகாக எரிப்பது வீண்செலவேயன்றி வேறில்லை. கனடாவிலும் சுவீடனிலும் அறுவை ஆலைச் சில்லுகள் கூழ் ஆலைகளின் முக்கியமான மூலப்பொருளாக இருந்துவருகின்றன.

இதற்கான முன்மாதிரி தமிழகத்திலேயே உண்டு. 1979-இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் தொடங்கப்பட்டபோது, சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலன்களில் எரித்துவந்த கரும்புச் சக்கையைக் காகிதத்துக்குப் பெறுவதற்காக, அவ்வாலைகளுக்கு மாற்று எரிபொருள் ஏற்பாடு செய்து தரப்பட்டது. கழிவைக் கேட்பவர் அதன் இடத்தில் வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற அந்த நியாயம் பைன் துண்டுகளுக்கும் பொருந்தும். சூளைக்காரர் கொடுப்பதைவிடக் கூடுதல் விலையைக் காகித ஆலை கொடுக்காதவரை ஒரு துண்டும் வந்து சேராது.

தடைகள் இல்லாமல் இல்லை. மரத்தூளில் நார் அறுபட்டுப் போவதால் அது நல்ல கூழாகாது. அதைக் கொதிகலனுக்கே விட்டுவிடலாம். மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் பைனில் மிகுதி என்பதால், அதைத் தைலமரத்தோடு கலக்காமல் தனியே வேகவைக்க வேண்டும். பூச்சி மருந்தேற்றிய மரமும் வண்ணம் பூசிய பலகையும் தொடக்கத்திலேயே கழிக்கப்பட வேண்டும்.

கூழாக்கும் வேலையைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவரவும் கூடாது. மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவால் பவானி ஆறு பட்ட பாட்டைத் தமிழகம் மறந்துவிடவில்லை. பட்டை நீக்கிச் சில்லாக்குவதை மட்டும் தென்மாவட்டத்திலேயே செய்து, கரூர் ஜவுளியைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளில் சில்லுகளை, தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை உள்ள புகழூருக்கு அனுப்பலாம்.

கூழுக்காகப் பொதிகை மலையில் பைன் நடும் யோசனையோ, உவரியை அடுத்த தேரி மணலைப் பிடித்து நிற்கும் மரங்களை வெட்டும் யோசனையோ எழுமானால் அதை இப்போதே மறுத்துவிட வேண்டும். வந்திறங்கிய மரத்தின் மிச்சத்தைச் சேர்க்கத் தூத்துக்குடியில் ஒரு கொள்முதல் நிலையத்தை அரசு உடனே தொடங்கட்டும்.