ஆர்கானிக் கஞ்சா: மண்ணுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் போதைக்கும் பொருந்துமா?

பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் ‘ஹைட்ரோபோனிக் கஞ்சா’ பிடிபட்டது என்ற செய்தி சென்னை, பெங்களூரு, மும்பை, ஹைதராபாத் விமான நிலையங்களிலிருந்து கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி வருகிறது. கிலோவுக்கு ஒரு கோடி ரூபாய் வரை சுங்கத்துறை மதிப்புப் போடுகிறது. ஆந்திர – ஒடிசா மலைப்பகுதியிலிருந்து ரயிலிலும் லாரியிலும் மூட்டையாக வரும் கஞ்சாவைப் பற்றியே கேட்டுப் பழகிய நமக்கு இந்த விலை விளங்குவதில்லை. ஒரே செடிதானே?

செடி ஒன்றுதான். வளரும் இடம் வேறு. மலைச்சரிவில் வெயிலிலும் மழையிலும் வளர்வது ஒன்று. பூட்டிய அறைக்குள், செயற்கை விளக்கின் கீழ், குளிரூட்டியும் ஈரப்பதக் கருவியும் வைத்து வளர்க்கப்படுவது இன்னொன்று. மண்ணே இல்லாமல் உப்புச் சத்து கரைத்த நீரில் வளர்ப்பதற்குத்தான் ஹைட்ரோபோனிக் என்று பெயர். ஆனால் நம் ஊர்ச் செய்திகளில் அறைக்குள் வளர்ந்த எல்லாமே அந்தப் பெயரில்தான் வருகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இதற்குப் போட்டியாக வேறொரு சொல் சந்தையைப் பிடித்திருக்கிறது: ‘லிவிங் சாயில்’, அதாவது உயிருள்ள மண். ரசாயனம் கிடையாது, முழுக்க ஆர்கானிக் என்ற அடைமொழியுடன் இது விற்கப்படுகிறது. அந்தச் சொல்லைத்தான் இங்கே நாம் பார்க்க விரும்புகிறோம். ஏனென்றால், நம் இளைஞர்களிடம் வந்து சேரும்போது அது மண்ணைப் பற்றிய சொல்லாக வருவதில்லை. ‘இது உடம்புக்கு ஒன்றும் செய்யாது’ என்ற உத்தரவாதமாக வருகிறது.

முதலில், உயிருள்ள மண் என்பது பொய்யல்ல. நம் விவசாயிகளுக்கு இதில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. மக்கிய எரு, மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு, வேப்பம் புண்ணாக்கு, கடற்பாசித் தூள், நண்டு ஓட்டுத் தூள், பாறைத் தூள் எல்லாவற்றையும் கலந்து பெரிய தொட்டியில் நிரப்புகிறார்கள். மண்புழுக்களை விடுகிறார்கள். வேரோடு ஒட்டி வாழ்ந்து சத்தை உறிஞ்சித் தரும் வேர் உட்பூசணத்தைச் சேர்க்கிறார்கள். மேலே மூடாக்குப் போடுகிறார்கள். சிவப்புச் சிலந்தி வந்தால் மருந்தடிக்காமல், அதைத் தின்னும் இன்னொரு சிறு பூச்சியை விடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிடுவதில்லை, கிளறுவதும் இல்லை. அதே தொட்டியில் அடுத்த நடவு. செடிக்குத் தேவையானதை நுண்ணுயிர்களே பிரித்துக் கொடுக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. 2006-ல் ஜெஃப் லோவன்ஃபெல்ஸ், வெயின் லூயிஸ் இருவரும் எழுதிய மண் நுண்ணுயிர் பற்றிய புத்தகம் வீட்டுத் தோட்டக்காரர்களிடையே இந்தச் சிந்தனையைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது.

இதனால் உண்மையான நன்மையும் உண்டு. உப்பு உரம் கரைந்த கழிவுநீர் சாக்கடைக்குப் போவது குறைகிறது. ஒவ்வோர் அறுவடைக்கும் வளர்ப்பு ஊடகத்தைக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. தக்காளிக்கோ கீரைக்கோ ஒருவர் இப்படிச் செய்தால் நாம் பாராட்டியே எழுதுவோம். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று ‘இயற்கை வேளாண்மை’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தார். அந்த மரியாதையில் ஒரு பங்கைத்தான் இந்த வியாபாரம் கடன் வாங்குகிறது.

ஆனால் மண்ணை விட்டுக் கொஞ்சம் தலையை உயர்த்தி மேலே எரியும் விளக்கைப் பார்க்க வேண்டும். இந்தச் செடி வீட்டுக்குள் வந்ததே இயற்கை மீதுள்ள பிரியத்தால் அல்ல. 1983-ல் கலிபோர்னியாவில் அரசு ஹெலிகாப்டர்களை அனுப்பிக் காடுகளிலும் மலைகளிலும் கஞ்சாத் தோட்டங்களைத் தேடி அழிக்கத் தொடங்கியது. மேலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்பதற்காகப் பலர் கூரைக்குக் கீழே போனார்கள். 1989-ல் அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பு, அந்த உள்ளறைச் சாகுபடிக்கு விளக்கும் கருவியும் விற்ற கடைகளைக் குறிவைத்துச் சோதனை நடத்தியது. அதற்குள் தொழில்நுட்பம் வேரூன்றிவிட்டது. பிறகு பல மாநிலங்களில் சட்டமே அனுமதித்தபோதும் பெரும்பகுதி வெளியே வரவில்லை. பருவத்துக்குக் காத்திராமல் வருடத்தில் பல அறுவடை எடுக்கலாம். கடையில் பளபளப்பாகத் தெரியும் பூ கிடைக்கும். போதைச் சத்தையும் கூட்டலாம். லாபம் அறைக்குள்தான் இருந்தது.

அதற்கான விலை மின்சாரம். 2012-ல் எவன் மில்ஸ் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் மொத்த மின் நுகர்வில் ஏறத்தாழ 1 சதவீதம் உள்ளறைக் கஞ்சாவுக்கே போகிறது என்று கணக்கிட்டார். அவர் கணக்கில் அது ஆண்டுக்கு 600 கோடி டாலர் மின்செலவு. 30 லட்சம் கார்கள் வெளியிடும் அளவு கரியமில வாயு. 2021-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, உலர்ந்த பூ ஒரு கிலோவுக்கு இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு நிகரான வெளியேற்றம். இதில் பெரும்பங்கு அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்துவதிலும் விளக்குகளிலும் போகிறது. செடி வேகமாக வளர்வதற்காக உள்ளே தனியாகக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்களே, அதுவும் கணக்கில் சேர்கிறது. அதே செடியை வெயிலில் வளர்த்தால் இந்த வெளியேற்றத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இல்லாமல் போகும் என்று அவர்களே சொல்கிறார்கள். தொட்டியில் மண்புழு இருக்கிறதா, உப்பு நீர் இருக்கிறதா என்பதால் மின்கட்டணச் சீட்டு பெரிதாக மாறிவிடாது. சூரியனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ‘இயற்கை’ என்று பலகை மாட்டுவது நமக்கு விசித்திரமாகவே படுகிறது.

அந்த மண்கூட உள்ளூர் மண்ணல்ல. வட அமெரிக்கக் கடைகளில் விற்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளின் முக்கியப் பிறப்பிடம் இந்தியாவும் இலங்கையும்தான். பொள்ளாச்சிப் பக்கம் போனவர்களுக்கு நார்க்கழிவைப் பரப்பி உலர்த்தும் களங்களைத் தெரிந்திருக்கும். தோட்டப்பயிர்களுக்கென்று பல நாடுகளுக்கு அது கப்பலேறுகிறது. உள்ளறைக் கஞ்சாவும் இந்த ஊடகத்தின் ஒரு வாடிக்கையாளர். நார்க்கழிவிலுள்ள உப்பை நீக்கத் தண்ணீர் விட்டு அலசும்போது அந்தக் கழிவுநீர் கிணற்று நீரைக் கெடுக்கிறது என்று அங்குள்ள விவசாயிகள் தொடர்ந்து புகார் சொன்னார்கள். 2021 நவம்பரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசற்ற வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. தென்னை நார்த் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. கொலராடோவில் ஒட்டப்படும் ‘சுத்தமான மண்’ என்ற முத்திரையின் கீழ் பொள்ளாச்சிக் கிணறு இடம்பெறுவதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

சரி, அந்த முத்திரையை யார் குத்துகிறார்கள்? அமெரிக்காவில் உணவுப் பொருளுக்கு ஆர்கானிக் சான்று தருவது மத்திய வேளாண்துறையின் திட்டம். மத்திய சட்டப்படி கஞ்சா இன்னும் தடைசெய்யப்பட்டது என்பதால் அந்தச் சான்று அதற்குக் கிடைக்காது. அதே செடியின் போதை குறைந்த வகையான தொழில்துறை சணலுக்கு 2018 வேளாண் சட்டத்துக்குப் பிறகு கிடைக்கிறது, கஞ்சாவுக்குக் கிடையாது. இந்த இடைவெளியைத் தனியார் சான்றிதழ்கள் நிரப்பின. கலிபோர்னியா அரசு ‘ஓகால்’ என்ற பெயரில், ஆர்கானிக் தரத்துக்கு நிகரானது என்று ஒரு திட்டத்தை உருவாக்கியது. ‘சன் அண்ட் எர்த்’ என்ற சான்றிதழோ, வெயிலில், நிலத்து மண்ணில் வளர்ந்ததற்கே தருகிறது; அறைக்குள் வளர்ந்ததை அது ஏற்பதில்லை. ஆக, ஆர்கானிக் என்றால் என்ன என்பதில் கஞ்சா உலகத்துக்குள்ளேயே உடன்பாடு இல்லை. ‘லிவிங் சாயில்’ என்ற சொல்லுக்கோ அரசின் வரையறை எதுவும் கிடையாது. யாரும் எழுதிக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த முத்திரை எதைச் சொல்லவில்லை?

போதையின் வீரியத்தைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில், போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்தது. 2014-ல் அது சுமார் 12 சதவீதம். இன்று கடைகளில் 20 சதவீதத்தைத் தாண்டிய பூ சாதாரணமாகக் கிடைக்கிறது. மண் எவ்வளவு உயிருடன் இருந்தாலும் இந்த எண் அதனால் குறைந்துவிடாது. வளர்ப்பவரின் பெருமையே அது கூடுவதில்தான் இருக்கிறது. 2019-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடத்தப்பட்ட ஆய்வு வெளியானது. 10 சதவீதமும் அதற்கு மேலும் டிஎச்சி உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடத் தீவிர மனநோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அது காட்டியது. அந்த ஆய்வு உரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

இன்னொன்று, இந்தச் செடி மண்ணிலுள்ள கன உலோகங்களை இழுத்துச் சேர்க்கும் இயல்புடையது. செர்னோபில் பகுதியில் மண்ணைச் சுத்தம் செய்யச் சணலைப் பயிரிட்டுப் பார்த்ததே இதனால்தான். 2023-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கஞ்சா பயன்படுத்துவோரின் ரத்தத்தில் ஈயம், காட்மியம் இரண்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். பாறைத் தூளும் கடற்பாசியும் இயற்கையானவைதான். ஈயமும் ஆர்செனிக்கும்கூட இயற்கையானவைதான். அறையின் ஈரத்தில் பூவில் பிடிக்கும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் நுரையீரலுக்கு ஆபத்து. புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே ‘இயற்கை மருந்து’ என்று இதை நாடுகிறவர்கள்தான் அந்த நிலையில் இருப்பவர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

‘இது மண்ணில் முளைக்கும் செடிதானே’ என்ற வாதம் நம் மார்க்க அறிஞர்களுக்குப் புதிதல்ல. ஹஷீஷ் பழக்கம் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் பரவிய காலத்தில் அவர்கள் இதை விரிவாகவே விவாதித்திருக்கிறார்கள். இது மதுவைப் போன்ற போதையா, அறிவைக் கெடுக்கும் வேறு வகையா, தண்டனை எத்தகையது என்பதில் இமாம் கராஃபீயும் இப்னு தைமிய்யாவும் (ரஹ்) கருத்து வேறுபட்டார்கள். இமாம் ஸர்கஷீ (ரஹ்) இதற்கென்றே தனி நூல் எழுதினார். வேறுபட்டவர்கள்கூட, அது மனித அறிவுக்கு என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். எப்படி வளர்ந்தது என்பது அவர்கள் விவாதத்தில் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. தேர்ந்த மருத்துவர் நோய்க்குக் கொடுக்கும் மருந்து வேறு விஷயம். அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது தாய்லாந்து. 2022 ஜூன் 9 அன்று அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்போதைய சுகாதார அமைச்சர் அனுதின் சார்ன்விரகுல் வீடுகளுக்குப் பத்து லட்சம் கன்றுகள் தரும் திட்டத்தை அறிவித்தார். முறையான சட்டம் வருவதற்குள் ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. குளிரூட்டிய வளர்ப்புக் கூடங்கள் எழுந்தன. உற்பத்தி பெருகி விலை சரிந்தது. மிஞ்சிய சரக்கு விமானம் ஏறியது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே பூவை விற்கலாம் என்று அரசு மீண்டும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வீட்டுக்கு அனுமதித்தபோது, வயது வந்த ஒருவருக்கு மூன்று செடி என்று முதலிலேயே எண்ணிக்கை விதித்தது. தாய்லாந்தில் கதவைத் திறந்த பிறகுதான் பூட்டைத் தேடினார்கள்.

அந்தப் பெட்டி இந்தியாவில் இறங்கும்போது 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதை எடைபோடுகிறது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. மலைக் கஞ்சாவுக்கும் அறைக் கஞ்சாவுக்கும் ஒரே தராசு. வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஜாமீன் கிடைப்பதும் அரிது. அதற்குக் கீழே, ஒரு கிலோவுக்கு மேல் என்றால் 10 ஆண்டு வரை சிறை, ஆனால் ஜாமீனுக்கு அந்தக் கடும் தடை இல்லை. கோடிக்கணக்கில் மதிப்புள்ள பத்துப் பன்னிரண்டு கிலோ ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது என்பது கடத்தல் கும்பல்களுக்குத் தெரியாதா? விமான டிக்கெட்டுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் ஆசைப்பட்டு அந்தப் பெட்டியைத் தூக்கி வருகிறவர் பிடிபடுகிறார். அனுப்பியவரும் வாங்க இருந்தவரும் பெரும்பாலும் பிடிபடுவதில்லை.

நம் ஜமாஅத்துகளும் பள்ளிகளும் நடத்தும் போதை எதிர்ப்புக் கூட்டங்களில் இன்னும் பழைய கஞ்சாப் பொட்டலத்தின் படத்தைத்தான் காட்டுகிறார்கள். இப்போது வருவது அப்படி இருக்காது. பழங்களின் பெயரும் வண்ணப்படமும் அச்சிட்ட உறைகளில், தேயிலைப் பொட்டலம் போல வரும். ‘ரசாயனம் இல்லாதது’ என்றும் எழுதியிருக்கலாம். கூட்டத்தில் ஒரு மாணவன் எழுந்து அதைப் பற்றிக் கேட்டால், அவனை அதட்டி உட்கார வைக்காமல், மண்ணில் ஆரம்பித்து டிஎச்சி எண் வரை விளக்கத் தெரிந்த ஒரு மருத்துவரோ வேளாண் பட்டதாரியோ மேடையில் இருக்க வேண்டும். நம் ஊர்களில் இருவருக்கும் பஞ்சமில்லை.