மலைமேல் ஏ.சி. எதற்கு?

குன்னூரில் பழைய கார் வைத்திருப்பவர் எவராயினும், அவருடைய வண்டியின் ஏ.சி. ஒரு நாள் பழுதாகி நின்றுவிட்டால், மெக்கானிக் முதலில் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “கழற்றிப் போட்டுடுங்க சார், மலையில இதுக்கு என்ன வேலை?” கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில், சித்திரை மாதத்திலும் பொழுது சாய்ந்தால் ஸ்வெட்டரைத் தேடுகிற ஊரில், குளிரூட்டும் யந்திரம் ஒன்றைச் சுமந்து திரிவது விசித்திரம்தானே என்று கேட்பவருக்கும் தோன்றும். இருபது வயதான என் காருக்கும் சென்ற ஐப்பசியில் இந்த யோசனை வந்தது. நானும் அதற்கு ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன்.

அந்த யோசனையில் நியாயம் இல்லாமல் இல்லை. கம்ப்ரசரையும் கூலிங் காயிலையும் புதிதாக மாற்றும் செலவு, சில பழைய வண்டிகளின் விலைக்கே சவால் விடும். கல்லாறு தாண்டிப் பர்லியாறு நோக்கி ஏறும்போது சின்ன எஞ்சின் ஏ.சி.யையும் சேர்த்து இழுக்க முடியாமல் திணறுவதும், உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, குன்னூரை எட்டுவதற்குள் கார்புரேட்டர் வண்டி தன் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுவதும் மலைப்பாதை டிரைவர்கள் அறிந்த விஷயங்களே. ஆனால் ஏற்றத்தில் சுவிட்சை அணைத்துவிட்டால் கம்ப்ரசரின் கிளட்ச் விலகி, புல்லி மாத்திரம் வெறுமனே சுற்றும். ஆகவே சீராக உள்ள யந்திரத்தைக் கழற்றி எறிவதால் மிச்சமாகும் பெட்ரோல் சொற்பமே. பணக்கணக்கு இதோடு முடிகிறது; அதற்கு அப்பால் உள்ளவை சொந்தக்காரர் ஒருவரை மாத்திரம் பொறுத்த விஷயங்கள் அல்ல என்பதே என் அபிப்பிராயம்.

முதலாவது, கண்ணாடி. மலையில் ஏ.சி. செய்கிற வேலை நம்மைக் குளிர்விப்பதன்று; காற்றை உலர்த்துவது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி கார்த்திகையில், நாலு பேர் ஏறிக் கதவைச் சாத்தினால், அவர்களுடைய மூச்சே முன்கண்ணாடியின் உட்புறத்தில் வெண்திரையாகப் படிந்துவிடுகிறது; வெளியே ஆடும் வைப்பரால் அதற்குப் பரிகாரம் கிடையாது. கூலிங் காயிலில் பட்ட காற்றின் ஈரமோ அங்கேயே நீராகி, வண்டிக்கு அடியில் சொட்டிப் போகிறது. அப்படி உலர்ந்த காற்றை ஹீட்டரால் சற்றே வெதுப்பிக் கண்ணாடிமேல் வீசினால், அரை நிமிஷத்தில் பாதை தெளிகிறது.

இதை நான் அறிந்தது புத்தகத்தால் அல்ல. ஏ.சி. நின்றிருந்த அந்த வாரத்தில், ஒரு மாலை காட்டேரிப் பக்கம் இறங்கும்போது, ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறு கையில் துணியுமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு, எதிரே ஏறி வந்த பஸ் இரண்டு மஞ்சள் பொட்டுகளாக மாத்திரம், அதுவும் வளைவுக்குள் வந்த பிறகே, தென்பட்டது. அக்காலத்தில் ஏ.சி. இல்லாமலே ஓட்டவில்லையா என்று பெரியவர்கள் கேட்கலாம். ஓட்டினார்கள்தாம், ஆனால் இன்று சீசன் காலத்தில் நெருக்கியடித்து ஏறும் வாகன வரிசை அவர்களுக்கு எதிரே வரவில்லை.

இரண்டாவது, வாயு. குழாயின் நட்டைத் தளர்த்தியதும் ‘புஸ்’ என்று வெளியேறுவதை நம்மில் பலர் வெறும் காற்று என்றே எண்ணுகிறோம். இன்றுள்ள பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ. நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது. அரைக் கிலோ வாயுவைத் திறந்துவிடுவது, சுமார் 300 லிட்டர் பெட்ரோலை ஒரே மூச்சில் எரித்துவிடுவதற்குச் சமானம். இன்னும் பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தையே அரித்தது. அதனால்தான் 1987-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் உடன்பாடு கண்டன. 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. மலைக்கு வருகிறவர் கையிலுள்ள பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி வாங்கிவைக்கும் நம் மாவட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத இந்தக் குப்பையைக் கேட்பாரின்றி ஆகாயத்தில் கொட்டுவது பொருந்துமா?

ஆகையால், பழுது சிறியதாயின் செப்பனிடுவதே உசிதம். கழற்றித்தான் ஆக வேண்டுமெனில், எஞ்சியுள்ள வாயுவை யந்திரத்தால் உறிஞ்சிச் சிலிண்டரில் சேமித்த பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். ஹீட்டரையும் புளோயரையும் குறையின்றி வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்ரசரின் பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுழற்றுகிற வண்டியாயின் அதற்கு மாற்று ஏற்பாடும் வேண்டும். சிறு பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் வாயு உறிஞ்சும் யந்திரம் வாங்குவது சாத்தியமன்று. மாவட்ட நிர்வாகமே சிலவற்றை வாங்கி வாடகைக்குக் கொடுக்கலாம். பதினைந்து வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்க வரும் மலைவண்டியில், பிரேக்கையும் விளக்கையும் பார்க்கும் அதிகாரி, கண்ணாடி தெளிகிறதா என்பதையும் பார்க்கலாம்.

என் காரில் கசிந்தது ஒரு குழாய்தான், மாற்றியாயிற்று. சென்ற வாரம் மூடுபனியில் ஓட்டிவந்து நிறுத்தியபோது, “சார், அடியில தண்ணி ஒழுகுது” என்றார் பக்கத்துக் கடைக்காரர். ஒழுகட்டும் என்றேன், கண்ணாடியில் நின்று பாதையை மறைத்திருக்க வேண்டிய நீரல்லவா அது?